தண்ணீர் போய்ச் சேரும் இடத்திலிருந்து தொடங்குங்கள்: வட சென்னைத் தெருக்களுக்கான வெள்ளத் திட்டம்

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் இருக்கும் குடியிருப்போர் சங்கங்கள், வார்டு குழு, ஏரியா சபை உறுப்பினர்களுக்கான வழிகாட்டி இது. வேலையை ஜூன் மாதம் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் முடிக்கலாம். செப்டம்பரில் தொடங்கினால் பாதிதான் நடக்கும். அந்தப் பாதியும் வீண் இல்லை.

தெருவில் தண்ணீர் நின்றால் "வடிகால் கட்டிக் கொடுங்கள்" என்று மனு போடுவதுதான் வழக்கம். வடிகாலும் வரும். அடுத்த மழையில் அந்த வடிகாலோடு சேர்ந்து தெருவும் நிரம்பும். வட சென்னையில் பெரும்பாலான இடங்களில் வடிகாலின் அகலம் இரண்டாவது பிரச்சினைதான். முதல் பிரச்சினை, அது போய் விழும் கால்வாயின் நீர்மட்டம். அதனால் திட்டத்தைக் கடைசி முனையில் தொடங்கித் தெருவை நோக்கி வர வேண்டும்.

1. எந்தத் தண்ணீர் வருகிறது என்று பிரியுங்கள்

இங்கே வெள்ளம் மூன்று வழியில் வரும். மூன்றுக்கும் தீர்வு வேறு.

முதலாவது, உங்கள் பகுதியிலேயே பெய்து வடியாமல் நிற்கும் மழை. புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் பெரும்பாலும் இதுதான். ஓட்டேரி நல்லா என்னும் ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் பக்கிங்காம் கால்வாயில் சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாயோ வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தையும் தெற்கே கூவத்தையும் நம்பியிருக்கிறது. இதில் ஒரு கண்ணி நின்றாலும் பின்னால் எல்லாம் நிற்கும்.

இரண்டாவது, ஏரியிலிருந்து திறந்துவிடும் உபரி நீர். பூண்டி நிரம்பினால் கொசஸ்தலையாறு வழியாகத் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூருக்கு வரும். மணலி புதுநகர், வெள்ளிவாயல்சாவடி, இடையஞ்சாவடி மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புழல் திறந்தால் நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் என்று வரும். உங்கள் ஊரில் மழை விட்டு வெயில் அடிக்கும்போதுகூட இந்தத் தண்ணீர் ஏறும். 'மழைதான் நின்றுவிட்டதே' என்று மாடியிலிருந்து சாமான்களை இறக்குகிறவர்கள் ஏமாறுவது இதில்தான்.

மூன்றாவது, கடல். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏறக்குறைய ஒரு மீட்டர். கேட்கக் குறைவாகத் தெரியும். தரை தட்டையாக இருக்கும் இடத்தில் அந்த ஒரு மீட்டர்தான் மொத்த வாட்டமும், அதாவது சரிவும். புயல் கரையை ஒட்டி நகரும்போது கடல் இன்னும் உயர்ந்து நிற்கும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது மழையும் உபரி நீரும் ஏறிய கடலும் ஒரே நேரத்தில் சேர்ந்தன.

உங்கள் தெருவில் எது என்று கண்டுபிடிக்க 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மூன்றையும் பற்றி வீடு வீடாகக் கேளுங்கள். எவ்வளவு உயரம், எந்தப் பக்கமிருந்து வந்தது, மழை பெய்யும்போதே ஏறியதா அல்லது விட்ட பிறகா, எத்தனை நாளில் வடிந்தது, தண்ணீர் என்ன நிறம். கறுப்பாக, நாற்றத்தோடு வந்தால் கழிவுநீர் மேன்ஹோல் எதிர்த்துத் தள்ளியிருக்கிறது. செம்மண் நிறத்தில் வேகமாக வந்தால் ஆறு அல்லது ஏரி. சுவரில் கறை இன்னும் இருந்தால் அதைத் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். அந்தக் கறைதான் பிற்பாடு உங்கள் மனுவுக்குச் சாட்சி.

2. கடைசி முனையிலிருந்து நடங்கள்

உங்கள் தெரு வடிகால் எந்தக் கால்வாயில் விழுகிறதோ அந்த வாயைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தெருவுக்கு நடந்து வாருங்கள். நாலைந்து பேர், ஒரு டேப், சாக்பீஸ், வரைபடம் அச்சடித்த தாள் போதும். கடலோர வார்டுக்காரர்களுக்கு ஒன்று: கடல் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் பல தெருக்களின் தண்ணீர் மேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகிறது. கரையோரம் மணல்மேடு, உள்ளே போகப் போகப் பள்ளம்.

வழியில் குறிக்க வேண்டியவை: வடிகால் அகலம் மாறும் இடங்கள், தண்டவாளத்துக்கும் பெரிய சாலைக்கும் அடியில் போகும் சிறுபாலங்கள், வடிகாலுக்குக் குறுக்கே போகும் குடிநீர்க் குழாய்களும் கேபிள்களும், முடியாமல் பாதியில் நிற்கும் வடிகால் துண்டுகள். 90 செ.மீ. அகல வடிகால் 60 செ.மீ. சிறுபாலத்தில் போய் முட்டினால், அந்த 60தான் உங்கள் தெருவின் கொள்ளளவு. மேலே எவ்வளவு அகலம் கட்டினாலும் பயனில்லை.

ஒவ்வொரு துண்டும் யாருடையது என்பதையும் வரைபடத்திலேயே எழுதுங்கள். தெரு வடிகால் மாநகராட்சி. ஆறும் பெரிய கால்வாய்களும் நீர்வளத்துறை. கழிவுநீர்க் குழாய், குடிநீர் வாரியம். சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறை. தண்டவாளத்துக்கு அடியில் ரயில்வே. அடைப்பு பெரும்பாலும் ஒரு துறையின் எல்லை முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில்தான் இருக்கும். அந்த இரண்டு மீட்டரைத் தூர்வார இரண்டு பேருமே வரமாட்டார்கள்.

3. மட்டம் எடுப்பது

இதை விட்டுவிட்டுச் செய்யும் எந்தத் திட்டமும் ஊகம்தான். பெரிய கருவி வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 10 அல்லது 12 மி.மீ. தடிமனில் 15 மீட்டர் நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாய். உள்ளே தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் ஓர் அடி காலியாக விடுங்கள். குழாயைக் கீழிருந்து மேலாகத் தட்டிக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். ஒரு சின்னக் குமிழி இருந்தாலும் அளவு பல செ.மீ. பொய் சொல்லும். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் கண்ணுக்கு எளிது.

ஒருவர் கோயில் படி, டிரான்ஸ்பார்மர் மேடை போல அசையாத ஓர் இடத்தில் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். அதுதான் உங்கள் ஆதாரப் புள்ளி. மற்றவர் அடுத்த புள்ளியில் மறுமுனையைப் பிடிப்பார். தண்ணீர் ஆடி அடங்கியதும் இருவரும் தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளக்க வேண்டும். ஒரு பக்கம் 92 செ.மீ., இன்னொரு பக்கம் 107 செ.மீ. என்றால் இரண்டாவது இடம் 15 செ.மீ. பள்ளம். அளவு கூடினால் தரை தாழ்வு. இதைத் தலைகீழாக எழுதிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிசகு. குழாயை நகர்த்தி நகர்த்தித் தெருமுனைகள், வீட்டு வாசற்படிகள், வடிகால் மூடிகள், வடிகாலின் அடிமட்டம், கால்வாயின் கரை, அதிலுள்ள நீர்மட்டம் எல்லாவற்றையும் எடுங்கள். முடிவில் வேறு வழியாக ஆதாரப் புள்ளிக்குத் திரும்பி வாருங்கள். கணக்கு 3 செ.மீ.க்கு மேல் உதைத்தால் மறுபடியும் எடுக்க வேண்டும்.

வாட்டம் 1000க்கு 1 என்றால் 150 மீட்டர் தெருவில் 15 செ.மீ. இறக்கம். 3000க்கு 1 என்றால் வெறும் 5 செ.மீ. புதிதாகப் போடும் ஒரு தார் அடுக்கே 3 முதல் 4 செ.மீ. இருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போனால் சாலை உயர்ந்து வீடுகள் பள்ளமாகும். சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவுறுத்தியிருக்கிறது. சாலை வேலை தொடங்கும் நாளில் பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் வந்ததா என்று பாருங்கள். முந்தைய நாளே வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து படம் எடுத்து வையுங்கள்.

கடைசியில் ஒரே கேள்வி: பௌர்ணமியன்று ஏற்ற நேரத்தில் கால்வாயின் நீர்மட்டம், உங்கள் தெருவின் மிகப் பள்ளமான இடத்தைவிட உயரமா? உயரம் என்றால் எத்தனை வடிகால் கட்டினாலும் தானாக வடியாது. அங்கே தேவைப்படுவது கால்வாய்ப் பக்கம் ஒருவழிக் கதவு, தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி, நிரந்தர பம்பு. மனுவில் இதைத்தான் கேட்க வேண்டும். ஒருவழிக் கதவில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் போதும், திறந்தே நின்று கால்வாயைத் தெருவுக்குள் அழைத்து வரும். ஆகவே மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதைப் பார்க்கும் ஆள் யார் என்பதும் மனுவிலேயே இருக்கட்டும்.

4. வடிகால் தாங்குமா? ஒரு கணக்கு

வடிகாலுக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று பார்க்கும் சூத்திரம் எளிது. மழைநீர் வந்து சேரும் பரப்பை ஹெக்டேரில், மழையை மணிக்கு மி.மீ.இல் எடுத்து இரண்டையும் பெருக்குங்கள். கான்கிரீட்டும் தாருமாக இருக்கும் பகுதிக்கு 0.8ஆல் பெருக்கி 360ஆல் வகுங்கள். விடை, வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்பது. 4 ஹெக்டேர் பரப்பில் மணிக்கு 50 மி.மீ. பெய்தால் 0.44 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 440 லிட்டர்.

90க்கு 90 செ.மீ. கான்கிரீட் வடிகால், வாட்டம் 1000க்கு 1 இருந்து சுத்தமாகவும் இருந்தால் சுமார் 0.76 கன மீட்டர் கொண்டு போகும். தாராளம். அதே வடிகாலில் வாட்டம் 3000க்கு 1 என்றால் 0.44. சரிக்குச் சரி. அதில் ஓர் அடி வண்டல் சேர்ந்திருந்தால் 0.27க்கு இறங்கும். மீதி தெருவில்தான் நிற்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கால்வாய் நிரம்பிவிட்டால், வடிகாலின் அடி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது பெரிய விஷயமே இல்லை. தெருவில் நிற்கும் நீர்மட்டத்துக்கும் கால்வாய் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளும். 600 மீட்டர் தூரத்துக்கு 20 செ.மீ. வித்தியாசம் என்றால் அதுவும் 3000க்கு 1தான்.

பம்பு பற்றிய நம்பிக்கையையும் இப்படியே சோதியுங்கள். 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலத் தெருவில் ஓர் அடித் தண்ணீர் என்றால் 3.6 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இறைக்கும் பம்பு 6 மணி நேரத்தில் முடித்துவிடும், மழை நின்றிருந்தால். அந்தத் தெருவுக்கு 2 ஹெக்டேர் பரப்பின் தண்ணீர் வந்து சேர்ந்து, மணிக்கு 20 மி.மீ. பெய்துகொண்டிருந்தால் மணிக்கு 320 கன மீட்டர் வரும். பம்பு இறைப்பதோ 60. இறைத்த தண்ணீரை அதே நிரம்பிய வடிகாலில் விட்டால் அடுத்த மூடி வழியாக அதே தெருவுக்கே திரும்பும். ஹோஸ் பைப் கால்வாய்க் கரையைத் தாண்ட வேண்டும், அல்லது வேறொரு வடிகாலுக்குப் போக வேண்டும். அந்த நீளத்துக்கு ஹோஸ் இருக்கிறதா என்பதை ஆகஸ்டிலேயே கேட்டு வையுங்கள்.

5. மூடியைத் திறந்து பாருங்கள்

தூர்வாரியாகிவிட்டது என்று சொன்னால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். வண்டல் தொட்டியில் மேலே பால் கவரும் தெர்மாகோலும் மிதக்கும். அதை அள்ளிவிட்டுப் படம் எடுத்து முடித்துவிடுவார்கள். ஒரு கம்பியை நேராக இறக்குங்கள். கொழகொழவென்று இறங்கினால் சேறு, அது அள்ளினால் வந்துவிடும். "டக்" என்று நின்றால் கான்கிரீட். பக்கத்தில் வீடு கட்டியவர்கள் மிச்சக் கலவையைக் கழுவி விட்டது அடியில் இறுகிப்போயிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட்ராடிங் வண்டிக்கு அது அசையாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மூடிகளுக்கு நடுவில்தான் அடைப்பு அதிகம். ஒரு மூடியில் தண்ணீர் ஊற்றி அடுத்த மூடியில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பதே நல்ல சோதனை. யாரும் உள்ளே இறங்கக் கூடாது. விஷவாயு ஆளைக் கொல்லும், மனிதரை இறக்குவது சட்டப்படியும் குற்றம்.

எடுத்த சேற்றை ஓரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழை அதை மறுபடி உள்ளே தள்ளும். அன்றைக்கே லாரியில் ஏற்ற வேண்டும். சாலையோரத்தில் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் வாய்களையும் எண்ணுங்கள். வடிகால் காலியாக இருக்க, தெருவில் தண்ணீர் நிற்பது பல இடங்களில் வாய் அடைத்ததால்தான்.

மழைநீர் வடிகாலில் கழிவுநீர் இணைப்புகளும் இருக்கும். கோடையிலும் வடிகால் ஓடினால் அதுதான் காரணம். அண்டை வீட்டுக்காரரோடு சண்டை வரும் விஷயம் என்பதால் சங்கங்கள் இதைத் தொடுவதில்லை. தொடாவிட்டால் மழைக்கு முன்பே வடிகாலில் பாதி நிரம்பியிருக்கும்.

6. மனு

வாய்மொழிப் புகாருக்கு மாநகராட்சியின் 1913 எண். ஆனால் திட்ட வேலைக்கு எழுத்து வேண்டும். முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள்: வடிகாலின் தொடக்க அடிமட்டம், முடிவு அடிமட்டம், அது விழும் கால்வாயின் அதிகபட்ச வெள்ள மட்டம், வடிவமைப்புக்கு எடுத்துக்கொண்ட மழையளவு, கடைசியாகத் தூர்வாரிய தேதி, நீளம், எடுத்த சேற்றின் அளவு. 30 நாளில் பதில் வர வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கொசஸ்தலையாறு வடிநில வடிகால் திட்டம் நடப்பதால், உங்கள் தெரு அதில் இருக்கிறதா, எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

பதில் வந்ததும் உங்கள் டியூப் லெவல் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் மனு, பின்னால் வரைபடம், வெள்ளக் கறை அளவுகள். "தகுந்த நடவடிக்கை" என்று எழுதாதீர்கள். "இன்ன தெரு சிறுபாலம் 60 செ.மீ., 90ஆக மாற்றித் தரவும்" என்று எழுதுங்கள். ஒரே மனுவில் இரண்டு துறை வேலை இருந்தால் இருவருக்கும் முகவரியிட்டு, நகல் மற்றவருக்கு என்று குறிப்பிடுங்கள். ஏரியா சபையில் வாசித்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

7. வீட்டு அளவில்

கீழ்த்தளக் கழிவறையில் கழிவுநீர் எதிர்த்து ஏறாமல் இருக்க, வீட்டின் கடைசிச் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு போடலாம். 110 அல்லது 160 மி.மீ., குழாய் எதுவோ அது. ஆனால் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மாடிக்காரர் ஃபிளஷ் செய்தால் அது கீழ்வீட்டுக் கழிவறையில்தான் பொங்கும். இதை முன்பே எல்லாக் குடித்தனங்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

சம்ப் வாய் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அடி உயரட்டும். மீட்டர் போர்டும் கீழ்த்தள பிளக் பாயிண்டுகளும் பழைய வெள்ளக் கறைக்கு மேலே போகட்டும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தெரு பில்லர் பாக்ஸ் (மின் இணைப்புப் பெட்டி) தாழ்வாக இருந்தால் உயர்த்தச் சொல்லி மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தில், 94987 94987, பதியுங்கள்.

வாசலில் மணல் மூட்டை அடுக்கி இரண்டு அடிக்கு மேல் தண்ணீரைத் தடுக்காதீர்கள். வெளியே தண்ணீர், உள்ளே காலி என்றால் செங்கல் சுவர் தள்ளிக்கொண்டு விழும்.

உறிஞ்சுக் குழி எல்லா இடத்திலும் பலிக்காது. இராயபுரம், காசிமேடு மணலில் சீசன் தொடக்கத்தில் நன்றாக இறங்கும். மணலி, மாதவரம் களிமண்ணில் இறங்காது. நவம்பரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிட்டால் எங்கும் இறங்காது. அங்கே மொட்டைமாடி நீரைத் தொட்டியில் பிடிப்பதே மேல். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை என்றால் சுமார் 9,300 லிட்டர்.

மனையை மண் கொட்டி உயர்த்துகிறவர்கள் பக்கத்து வீட்டுக்கு வெள்ளத்தைத் தள்ளுகிறார்கள். புதிதாகக் கட்டினால் தூண்களின் மேல் வீடு, கீழே திறந்த வாகன நிறுத்தம். அந்தத் தரைத்தளத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பக் கூடாது.

8. எச்சரிக்கை வந்த பிறகு

நாள் மழை 115.6 முதல் 204.4 மி.மீ. வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. புழலின் முழு உயரம் 21.20 அடி, பூண்டியின் முழு உயரம் 35 அடி. தினமும் வரும் நீர்மட்ட அறிவிப்பை ஒருவர் குறித்துவரட்டும். வினாடிக்கு ஆயிரம் கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் 86.4 மில்லியன் கன அடி. பூண்டியில் வினாடிக்கு 10,000 கன அடி திறந்திருக்கிறார்கள் என்றால், அதன் மொத்தக் கொள்ளளவான 3,231 மில்லியன் கன அடியில் கால்வாசிக்கு மேல் ஒரே நாளில் உங்கள் பக்கம் வருகிறது. ஆற்றோர ஊர்கள் அந்த அறிவிப்பைக் கேட்டதுமே கிளம்ப வேண்டும், தண்ணீரைப் பார்த்த பிறகு அல்ல.

ஏற்ற நேரமும் எழுதி வையுங்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். பம்பு ஓட்ட, மக்களை நகர்த்த வற்ற நேரமே வசதி.

ஆரஞ்சு எச்சரிக்கையிலேயே நகர்த்த வேண்டியவர்கள்: டயாலிசிஸ் செய்கிறவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள், ஆக்சிஜனில் இருப்பவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள். ஸ்டான்லி மருத்துவமனைக்கோ ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ போகும் வழியில் சுரங்கப்பாதை இல்லாத பாதையை முன்பே நடந்து பாருங்கள். வியாசர்பாடி ஜீவா, கணேசபுரம் சுரங்கப்பாதைகள் முதலில் மூழ்கும் இடங்கள். முகாமாகும் பள்ளியின் தரைமட்டத்தையும் டியூப் லெவலில் எடுங்கள். முகாமே மூழ்கினால் எல்லாரும் திரும்பி வரவேண்டியிருக்கும்.

மணலி, எண்ணூர்ப் பகுதிக்கு வெள்ளத்தோடு வரும் தொழிற்சாலை எண்ணெய் தனி விஷயம். 2023இல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆற்றிலும் வீட்டுச் சுவரிலும் படகிலும் வலையிலும் ஒட்டியது. படகுப் பதிவெண், இன்ஜின், வலைகளின் படங்களை மழைக்கு முன்பே எடுத்து வையுங்கள். எண்ணெய் வந்தால் அதைச் சோப்புப் போட்டு வடிகாலில் கழுவிவிடாமல், மரத்தூளிலோ பழந்துணியிலோ ஒற்றித் தனி மூட்டையாகக் கட்டுங்கள். அருகில் அடுப்பு பற்றவைக்க வேண்டாம்.

தண்ணீர் வடிந்த பின் சம்பை முழுக்க இறைத்துத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி, 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு 12 மணி நேரம் வையுங்கள். அந்தத் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சம்பைப் பயன்படுத்த வேண்டும். சேற்றில் நடந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

புதிய கறைகளை ஈரம் காய்வதற்குள் அளந்து தேதியோடு எழுதி, பழைய வரைபடத்தில் சேர்த்து, ஜனவரிக்குள் மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். மாநகராட்சி பட்ஜெட்டுக்கான மதிப்பீடுகளை அதற்குப் பிறகு மாற்றுவது கடினம்.